சித்தப்பாவின் அகில் மரத்துக்கு எத்தனை மார்க்?

மில்பிடாஸில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வாசனையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 880-இல் டிக்ஸன் லேண்டிங் ரோடு நெருங்கும்போது காருக்குள் எல்லோரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொள்வோமே, அந்த ஊர்தான். சில நாள் அழுகிய முட்டை, சில நாள் ஈரக் குப்பை, சில நாள் சேறு. வளைகுடாவின் ஓரத்தில் குப்பை மேடும், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும், உப்பங்கழியும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் இன்று வருவது எதிலிருந்து என்று சொல்வது சுலபமில்லை.

புகார் செய்தால் என்ன நடக்கும் தெரியுமா? காற்றுத் தர வாரியத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வருவார். உங்கள் வீட்டு வாசலில் நின்று அவரும் முகர்ந்து பார்ப்பார். பிறகு காற்று வரும் திசையில் போய், எங்கிருந்து வருகிறது என்று தேடுவார். அவர் மூக்கும் ஒப்புக்கொண்டால்தான் அது உறுதி செய்யப்பட்ட புகார். சிலிக்கன் வேலியில், இத்தனை சென்சார் செய்யும் ஊரில், கடைசித் தீர்ப்பு ஒரு மனிதரின் மூக்குடையது. சின்ன வயதில் எனக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. போன வருடம் ஆனைமலையிலிருந்து சித்தப்பா ஒரு பி.டி.எஃப். அனுப்பிய பிறகு அவ்வளவு வேடிக்கையாக இல்லை.

சித்தப்பாவுக்குத் தென்னந்தோப்பு. பொள்ளாச்சிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்: வெள்ளை ஈயும் வேர் வாடல் நோயும் வந்து தென்னையை நம்பியிருந்தவர்களைப் படுத்தி எடுத்துவிட்டன. ஒன்பது வருடத்துக்கு முன்பு யாரோ சொன்னார்கள் என்று தென்னைக்கு இடையே அகர் மரக் கன்றுகள் நட்டார். மூன்று வருடத்துக்கு முன்பு ஆள் வைத்து மரங்களில் துளை போட்டு மருந்து ஊற்றினார். போன வருடம் முதல் இரண்டு மரங்களை வெட்டினார். வாங்க வந்த வியாபாரி ஒரு துண்டைப் பார்த்தார், நகத்தால் கீறினார், கொஞ்சம் கொளுத்தி முகர்ந்தார், "மூணாம் தரம்" என்று சொல்லி ஒரு விலை சொன்னார். அந்த விலைக்கு மருந்து ஊற்றிய செலவுகூடத் தேறாது. சித்தப்பாவின் மகள், என் தங்கச்சி, இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். அடுத்த செமஸ்டர் ஃபீஸ் அந்த மரத்தில்தான் இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சித்தப்பா விடவில்லை. ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு மரத் துண்டு அனுப்பினார். நாலு பக்க அறிக்கை வந்தது. வாட்ஸ்அப்பில் அது எனக்கு வந்தபோது இங்கே இரவு பதினொன்று. கூடவே ஒரு குரல் செய்தி: "கண்ணு, நீதான் பெரிய படிப்புப் படிச்சவளாச்சே. இதப் பாத்துட்டு நல்லதா மட்டமானு ஒரே வார்த்தைல சொல்லு."

நான் படித்தது கம்ப்யூட்டர் இன்ஜினியரிங். ஆனால் வேலைக்காக இரண்டு வருடம் ஒரு பரிசோதனைக் கூடத்தின் தரவுத்தளத்தைக் கட்டிக்கொடுத்திருக்கிறேன். அந்த மாதிரி அறிக்கையில் எந்தக் கட்டத்தில் என்ன எண் வரும் என்று தெரியும். ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது என்பதும் தெரியும். சித்தப்பாவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன், கொஞ்சம் விரிவாக.

முதலில் மரம். அகில் என்றும் அகர் என்றும் நாம் சொல்வதை அரபு நாடுகளில் ஊத் என்பார்கள். நலமாக இருக்கும் அகர் மரத்தை வெட்டினால் உள்ளே வெறும் வெள்ளைக் கட்டை. வாசனையே கிடையாது, தண்ணீரில் மிதக்கும், அடுப்பெரிக்கத்தான் ஆகும். அந்த மரத்தில் புழு துளைத்தாலோ, கிளை முறிந்தாலோ, பூஞ்சை புகுந்தாலோ, காயத்தைச் சுற்றி மரம் ஒரு பிசினைச் சுரக்கிறது. அதன் தற்காப்பு அது. கட்டை பழுப்பாகி, பிறகு கறுப்பாகிறது. நமக்கு வாசனையாக இருப்பது அந்தக் கறுப்புதான். அசாமில் வீட்டுத் தோட்டங்களில் இந்த மரத்தை வைத்திருப்பவர்கள், தண்டு துளைக்கும் ஒரு புழு தானாக வந்து வேலையைத் தொடங்கட்டும் என்று காத்திருப்பார்கள். நம் சித்தப்பா மாதிரி ஆட்கள் துரப்பணமும் பூஞ்சைக் கரைசலும் வைத்துக் காயத்தைத் தாங்களே உண்டாக்குகிறார்கள்.

பெயரிலும் ஒரு கதை இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்குக் கழுகு மரம் என்று ஒரு பெயர் உண்டு. கழுகுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நம் அகில் போர்த்துகீசியர் வாயில் ஆகிலா ஆயிற்று. கழுகைக் குறிக்கும் சொல்லைப் போல அது ஒலித்தது. அகராதிகள் அப்படித்தான் சொல்கின்றன. பட்டினப்பாலையில் மேற்கு மலையிலிருந்து சந்தனத்தோடு அகிலும் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்ததாக இருக்கிறது. தமிழ்ப் பள்ளியில் அதைப் படித்துவிட்டு, நம் மலையிலேயே ஊத் விளைந்தது என்று மார்தட்டுவதற்கு முன் ஒரு விஷயம்: மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளகில் என்று வேறொரு மரம் இருக்கிறது. வேப்ப மரத்தின் குடும்பம் அது, அகரின் குடும்பம் இல்லை. எந்த அகிலை அந்தப் புலவர் சொன்னார் என்று பெயரை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

இலங்கையில் இதற்கு நேர்மாறாக நடந்தது. அங்கே ஈரவலயக் காடுகளில் வல்லப்பட்டை என்றொரு மரம் உண்டு. பட்டையிலிருந்து கயிறு திரிப்பார்கள், அவ்வளவுதான் அதன் மதிப்பு. சுமார் 2012 முதல் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளில் அந்தக் கட்டை பிடிபடத் தொடங்கியது. கயிறு மரத்தை யாராவது கடத்துவார்களா? ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் உபுல் சுபசிங்கவும் அவருடைய குழுவும் காயம்பட்ட வல்லப்பட்டையின் பிசினைக் கருவியில் வைத்துப் பார்த்தார்கள். விற்பனைக்கு வரும் அகர் எண்ணெயில் இருக்கும் சேர்மங்கள் பலவும் அதில் இருந்தன. காட்டில் அவ்வளவு காலம் நின்ற மரம் ஒரு ஆய்வகத் தாளால் திடீரென்று விலை உயர்ந்ததாயிற்று. இன்றும் அந்த ஊர்த் தமிழ்ப் பத்திரிகைகளில் ‘வல்லப்பட்டையுடன் கைது’ என்ற செய்தியைப் பார்க்கலாம். கடத்தல்காரர்களுக்கு விஞ்ஞானிகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

சரி, தரம் பிரிப்பது எப்படி? பழைய வழி கண், கை, தண்ணீர், நெருப்பு. எவ்வளவு கறுப்பு, எவ்வளவு கனம், தண்ணீரில் மூழ்குகிறதா, கரியில் வைத்தால் என்ன மணம், எவ்வளவு நேரம் நிற்கிறது. சீன மொழியில் இந்தக் கட்டையின் பெயருக்கே ‘மூழ்கும் மணம்’ என்று பொருள். ஜப்பானியப் பெயரும் அதே எழுத்துகளிலிருந்து வந்ததுதான். கட்டையின் நுண்ணிய அறைகளில் இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டுப் பிசின் உட்கார்ந்துகொள்வதால் அது மூழ்குகிறது. ஆகவே மூழ்கும் சோதனை மூடநம்பிக்கை இல்லை, ஒருவித அடர்த்தி அளவீடு. ஆனால் ஏமாற்றுவது எளிது. சாயம் ஏற்றலாம், அழுத்தி இறுக்கலாம், உள்ளே ஈயம் வைக்கலாம். கடைக்குக் கடை ‘சூப்பர்’, ‘டபுள் சூப்பர்’ என்று பெயர் வைக்கிறார்கள். ஒரு கடையின் சூப்பர் அடுத்த கடையில் இரண்டாம் தரம். பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் ‘ஏ’ கிரேடு வேறு வேறாக இருப்பது போலத்தான்.

கருவியின் வழி வேறு. சித்தப்பாவின் அறிக்கை ஜி.சி.எம்.எஸ். என்ற கருவியிலிருந்து வந்தது. சுமார் 30 மீட்டர் நீளமும் உள்ளே கால் மில்லிமீட்டர் விட்டமும் உள்ள ஒரு கண்ணாடிக் குழாயை வளையலாகச் சுற்றி ஓர் அடுப்புக்குள் வைத்திருப்பார்கள். எண்ணெயை ஆவியாக்கி உள்ளே விட்டால் அதிலுள்ள பொருள்கள் ஒன்றாகப் புறப்பட்டு, ஒவ்வொன்றாக மறுமுனைக்கு வந்து சேரும். சில சீக்கிரம், சில மெதுவாக. வந்து சேரும் ஒவ்வொன்றையும் எலக்ட்ரான்களால் அடித்து உடைத்து, துண்டுகளின் எடையைப் பார்த்து, அது என்ன என்று கருவி ஊகிக்கிறது. இந்தக் கருவிக்கும் நம் ஊருக்கும் உறவு உண்டு. ஃபின்னிகன் என்ற நிறுவனம் 1960-களின் கடைசியில் இந்தப் பகுதியில்தான் தன் முதல் கருவிகளைச் செய்து விற்றது. இன்றும் இவ்வகைக் கருவிகள் செய்யும் அஜிலன்ட் நிறுவனத்தின் தலைமையகம் சான்டா கிளாராவில், என் வீட்டிலிருந்து பத்து மைலுக்குள் இருக்கிறது.

அகரின் வாசனைப் பொருள்களில் இரண்டு பெரிய கூட்டம் உண்டு. ஒன்று செஸ்குவிடெர்பீன்கள்: அகரோஃபியூரான், அகரோஸ்பைரால், யூடெஸ்மால் என்று நீளமான பெயர்கள். எண்ணெயில் நிறைய இருப்பவை இவை. இன்னொன்று ஃபினைல்எத்தில் குரோமோன்கள். இவை கனமானவை, குளிர்ந்த கட்டையில் சும்மா கிடக்கும், சூடு பட்டால் உடைந்து இனிப்பான மணமுள்ள சின்னச் சின்னப் பொருள்களாகும். துண்டைக் கையில் வைத்து முகர்ந்தால் ஒரு மாதிரியும் கரியில் வைத்தால் வேறு மாதிரியும் இருப்பதற்கு இது ஒரு காரணம். கினாம், கியாரா என்றெல்லாம் சொல்லப்படும் மிக உயர்ந்த வகையில் இரண்டு எளிய குரோமோன்கள் மிக அதிகமாக இருப்பதை ஜப்பானிய, சீன ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சீனாவின் அதிகாரபூர்வ மருந்து நூல் மருந்துக்கான அகருக்கு எண்ணாலேயே வரம்பு வைத்திருக்கிறது: ஆல்கஹாலில் கரையும் பகுதி 10 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அகரோடெட்ரால் என்ற குரோமோன் 0.10 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இது எனக்குப் பிடித்திருக்கிறது. வியாபாரியின் முகத்தைப் பார்க்காமல் சொல்லக்கூடிய ஒரு விதி.

நமக்கு வடக்கே, ஐ-5 சாலையில் கலிஃபோர்னியாவைத் தாண்டியதும் ஆஷ்லாண்ட் என்ற சின்ன ஊர் வரும். நாடகத் திருவிழாவுக்குப் பெயர் போனது. வனவிலங்குக் குற்றங்களுக்கான அமெரிக்க அரசின் தடயவியல் கூடம் அங்கே இருக்கிறது. 2012-இல் கேடி லங்காஸ்டர், எட்கார்ட் எஸ்பினோசா என்ற இருவர் அங்கிருந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மரச் சீவல் ஒன்றைச் சூடான ஹீலியம் காற்றோட்டத்தில் நேராகக் காட்டினால் போதும், சில நொடிகளில் குரோமோன்களை வைத்து அது அகரா இல்லையா என்று பார்க்கலாம். 2014-இல் காட்டு அகரையும் தோட்ட அகரையும் பிரித்துப் பார்க்கவும் இதே வழியை முயன்றார்கள். ஏன் இவ்வளவு அக்கறை? அகர் மரங்கள் முழுவதும் சைட்ஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் காவலில் இருக்கின்றன. அசாம் வகை 1995-லிருந்து, வல்லப்பட்டை உட்பட மற்றவை 2005-லிருந்து. நாடு விட்டு நாடு போக அனுமதிச் சீட்டு வேண்டும். அதனால்தான் "ஒரு துண்டு தபால்ல போடுங்க சித்தப்பா" என்று நான் கேட்கவில்லை. அவர் மரத்தின் வாசனை எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த நாலு பக்கம்தான் தெரியும்.

இனி அந்த நாலு பக்கம். ஒரு வரைபடம், மலைத்தொடர் மாதிரி. அதற்குக் கீழே ஒரு பட்டியல், 38 சேர்மங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதம். அகரோஸ்பைராலும் யூடெஸ்மாலும் நல்ல எண்ணோடு மேலே நின்றன. தரம் குறைந்த எண்ணெயில் அதிகமாக வரும் கொழுப்பு அமிலங்கள் குறைவு. பார்த்ததும் எனக்கும் சந்தோஷம். ஆனால் இந்தச் சதவீதத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. அது வெளிவந்த எண்ணெயில் எது எத்தனை பங்கு என்பதைச் சொல்கிறது. கட்டையில் எவ்வளவு எண்ணெய் இருந்தது என்பதைச் சொல்லவில்லை. ஒரு கிளாஸ் பாயசத்தில் முந்திரி 20 சதவீதம் என்றால் நல்ல பாயசம்தான். ஆனால் பாயசமே ஒரு கரண்டிதான் இருந்தது என்றால்?

இரண்டாவது, பெயர்கள். செஸ்குவிடெர்பீன்கள் நூற்றுக்கணக்கில் உண்டு, எல்லாவற்றிலும் 15 கரி அணுக்கள். அவற்றில் பல ஒரே எடை: 204. ஆக்ஸிஜன் ஒட்டிய உறவினர்கள் பலர் 222. உடைத்தால் வரும் துண்டுகளும் ஒரே சாயல். ஒட்டிப் பிறந்த இரட்டையர்களைக் கைரேகை இல்லாமல், சட்டை நிறத்தை வைத்து அடையாளம் சொல்வது போல. கணினி தன் நூலகத்தில் தேடி மிக நெருங்கிய பெயரைப் போட்டுவிடும். குழாயைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரத்தையும் தெரிந்த பொருள்களோடு ஒப்பிட்டால்தான் அந்தப் பெயரை நம்பலாம். சித்தப்பாவின் அறிக்கையில் அந்த ஒப்பீடு இருந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. குரோமோன்களும் பட்டியலில் இல்லை. மரத்தில் இல்லை என்று இதற்கு அர்த்தம் ஆகாது. நீராவியில் வடிக்கும்போது அவை பெரும்பாலும் கட்டையிலேயே தங்கிவிடும். அவற்றைத் தேட வேறு சோதனை செய்ய வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியமானது, அது எந்தக் கருவியிலும் இல்லை. அடுத்த நாள் கூப்பிட்டுக் கேட்டேன்: "சித்தப்பா, எந்தத் துண்டை அனுப்புனீங்க?"

"இருக்கறதுலயே நல்லாக் கருகருன்னு இருந்ததத்தான் அனுப்புனேன். பின்ன மட்டமானதயா அனுப்புவாங்க?"

"வியாபாரி எதைப் பார்த்தார்?"

"அவன் குமிச்சு வெச்சிருந்த மொத்தத்தயும் பாத்தான்."

அங்கேதான் விஷயம். துளை போட்ட இடத்தைச் சுற்றி விரல் அகலத்துக்குப் பிசின், அதற்கு அப்பால் வெள்ளைக் கட்டை. ஒரே மரத்தில் ஒரு சாண் தள்ளி வெட்டினால் வேறு தரம். ஆய்வகத்தின் தாள் அந்த ஒரு துண்டுக்கு உண்மை. வியாபாரியின் விலை அந்தக் குவியலுக்குக் கிட்டத்தட்ட நியாயம். இருவரும் வெவ்வேறு பொருளுக்கு மார்க் போட்டிருக்கிறார்கள். அந்தக் குவியலில் இருந்த கறுப்புக்கும் சேர்த்து மூன்றாம் தர விலை கொடுக்கப் பார்த்தார் என்பதும் உண்மைதான். அதை நான் வியாபாரம் என்றுதான் சொல்வேன், சித்தி வேறு வார்த்தை சொன்னார்.

எங்கள் துறை ஆட்கள் இதைக் கேட்டால் உடனே "ஏ.ஐ. வைத்துச் செய்துவிடலாமே" என்பார்கள். மலேசியாவில் செய்துதான் பார்க்கிறார்கள். அகர் எண்ணெயின் சில சேர்மங்களின் அளவைக் கொடுத்து, இது உயர்ந்ததா தாழ்ந்ததா என்று சொல்ல நரம்பு வலையமைப்பைப் பழக்கியிருக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் பழக்கும்போது ‘இது உயர்ந்தது’ என்று முதலில் சீட்டு ஒட்டியது யார்? அனுபவமுள்ள ஒரு மூக்கு. கருவி கற்றுக்கொள்வது அந்த மூக்கின் கருத்தை. வாசனை ஆய்வகங்களில் ஒரு விநோதமான ஏற்பாடும் உண்டு: ஜி.சி. கருவியின் வெளிவாயில் ஒரு கண்ணாடிப் புனலைப் பொருத்தி, ஒரு மனிதர் உட்கார்ந்து, ஒவ்வொரு பொருளும் வெளியே வரும்போது முகர்ந்து எழுதிக்கொண்டே இருப்பார். வரைபடத்தில் பெரிய மலையாகத் தெரிவது மணக்காமலே போகலாம், கண்ணுக்கே தெரியாத சின்ன மேடு அறையையே நிறைக்கலாம். கருவி எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். எப்படி மணக்கிறது என்று அதற்குத் தெரியாது.

ஒரு தடவை சித்தியிடம் கேட்டேன், கரியில் வைத்தபோது எப்படி இருந்தது என்று. கொஞ்சம் யோசித்துவிட்டு, "மழ பேஞ்சு ஓஞ்ச பொறவு மாட்டுச் சாளைல சாம்பிராணி போட்டாப்புல" என்றார். ஊத் பிடித்தவர்கள் எழுதும் குறிப்புகளில் ‘தொழுவ வாசம்’ என்பது ஒரு பாராட்டு. நான் படித்த எந்தப் பட்டியலையும் விட அந்த ஒரு வரியில் எனக்குக் கொஞ்சம் வாசனை வந்தது.

சித்தப்பாவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: அறிக்கையைக் காட்டி விலை பேசாதீர்கள், முதலில் பிரியுங்கள். இரண்டு பெண்களைக் கூலிக்கு வைத்து, சின்ன உளியால் வெள்ளைக் கட்டையைச் சீவி எடுக்கச் சொன்னார். பன்னிரண்டு நாள் வேலை. பொறுமையில்லாதவர்கள் செய்ய முடியாத வேலை அது. ஒரு உளி இழுப்பு ஆழமாகப் போனால் காசு சீவலோடு போய்விடும். பிறகு மூன்று குவியல்: கறுப்பு, பழுப்பு, வெள்ளை. ஒவ்வொன்றிலும் மேலே, நடுவே, அடியே என்று கொஞ்சம் கொஞ்சம் எடுத்துப் பொடித்துக் கலந்து, மூன்று மாதிரிகளாக மறுபடி அனுப்பினோம். இந்தத் தடவை ஆல்கஹாலில் எவ்வளவு கரைகிறது, குரோமோன் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொடுத்தேன். கறுப்புக் குவியல் சீனர்களின் 10 சதவீத வரம்பைத் தாண்டியது. பழுப்பு தாண்டவில்லை. வெள்ளையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஊதுபத்திக்காரர்கள் தூளாக வாங்கிக்கொள்வார்கள்.

கறுப்புக் குவியல் மொத்தம் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. யூடியூபில் ‘ஒரு மரம், ஒரு கோடி’ என்று கத்துகிறார்களே, அவர்கள் இந்த எண்ணைச் சொல்ல மாட்டார்கள். இரண்டு மரம், ஒன்பது வருடம், பன்னிரண்டு நாள் உளி வேலை, இரண்டு கிலோவுக்குக் குறைவு. உங்கள் வீட்டில் யாராவது அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டப் போனால், மரத்தின் விலையைக் கேட்க வேண்டாம், குவியல் குவியலாக எடை கேட்கச் சொல்லுங்கள்.

வேறொரு வியாபாரி வந்தார். அவரும் கீறினார், கொளுத்தினார், முகர்ந்தார். அறிக்கையை வாங்கி, கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தார். கறுப்புக்கு முதல் ஆள் சொன்னதைப் போல நாலு மடங்கு சொன்னார், பழுப்புக்கு அதே பழைய விலை. சித்தப்பா கறுப்பில் பாதியை மட்டும் கொடுத்தார். தங்கச்சியின் ஒரு செமஸ்டர் ஃபீஸ் கட்டியாயிற்று. மீதி அகர் மரங்கள் தென்னைக்கு நடுவே அப்படியே நிற்கின்றன. மருந்து ஊற்றி இன்னும் இரண்டு வருடம் போனால் கறுப்பு விரல் அகலத்திலிருந்து உள்ளங்கை அகலம் ஆகுமா என்று சித்தப்பா கேட்கிறார். அதற்கு ஒரு மரத்தில் மட்டும் சின்னதாகத் துளைத்து மாதிரி எடுத்து, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். முதல் மாதிரி பொங்கலுக்குப் பிறகு எடுக்கிறோம்.